படைக்கலம் தராமல் புகழ்பாடுவதா?

கொரோனா என்று உலகம் அழைத்த மகுடை நச்சுயிரி நம் நாட்டுள் நுழைந்த தி.பி. 2051ஆம் ஆண்டில் (கி.பி. 2020) ஒரு சொல் தமிழ்நாடெங்கும் வழங்கலாயிற்று. மருத்துவரையும் செவிலியரையும் துப்புரவுத் தொழிலாளரையும் 'முன்களப் பணியாளர்' என்றனர். சொல் நல்ல தமிழ்ச்சொல்லே, குறைகூற இடமில்லை. ஆனால், களம் என்று சொன்னபின் படைக்கலம் எங்கே என்று கேட்பது தமிழாசிரியன் கடமையன்றோ? வேலும் கேடயமும் தராமல் மறவனைக் களத்துக்கு விடுத்துவிட்டு, அவன் வீழ்ந்தபின் புகழ்பாடுவது எவ்வகை அறம்?

2020 மார்ச்சு 22 அன்று நாடே கைதட்டியது. மே 3 அன்று வான்படை உலங்கூர்திகள் மருத்துவமனைகளின்மேல் மலர் தூவின. இவ்விரு நாள்களுக்கும் இடையே, ஏப்பிரல் 19 அன்று, நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் எர்க்குலிசு அந்நோயால் சென்னையில் இறந்தார். அவர் உடலைக் கீழ்ப்பாக்கத்தில் புதைக்க விடவில்லை. வேலங்காட்டில் கல்லும் கட்டையும் கொண்டு தாக்கினர், ஊர்தியை உடைத்தனர். நள்ளிரவில் உடன்பணியாற்றிய மருத்துவரே மண்ணள்ளி மூடினார். அதன் பின்னரே, ஏப்பிரல் 26 அன்று, அடக்கத்தைத் தடுப்போர்க்கு மூன்றாண்டு வரை சிறை எனத் தமிழக அரசு விரைவுச்சட்டம் இயற்றியது. கைதட்டிய கைகளே கல்லெடுத்தன எனில், அத்தட்டலின் பொருள் என்ன?

இந்நோய் மூச்சால் பரவுவது. மூடிய அறையில் நோயாளர் விடும் மூச்சு காற்றில் மிதந்து தங்கும். 2020 சூலையில் 239 அறிவியலறிஞர் ஒன்றுகூடி இதனை உலக நலவாழ்வு நிறுவனத்துக்கு எடுத்துரைத்தனர். அங்ஙனமாயின், முகத்தோடு இறுகப் பொருந்தும் 'என்-95' உறையும், திறந்த பலகணியும், ஓய்வுடன் கூடிய பணிமுறையுமே காப்பு. அக்காப்பு யாருக்குக் கிடைத்தது?

மாமல்லைக் கடலோரச் சிற்றூரிலிருந்து வந்து என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, ஒரு மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்தவள். இடமும் பெயரும் வேண்டா. "ஐயா, மருத்துவர்க்கு நல்ல உறை, செவிலியர்க்குக் கிடைத்தால் உண்டு, எங்களுக்குத் துணியுறைதான். சுவரில் ஏதோ ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தார்கள். படித்துச் சொல்ல ஆளில்லை. ஆனால், அந்த அறைக்குள் எல்லாரும் ஒரே காற்றைத்தானே இழுத்தோம்?" என்றாள். அவ்வினாவுக்கு என்னிடம் விடையில்லை. நோய் பதவி பார்த்துப் பற்றவில்லை. காப்பைத்தான் பதவி பார்த்துப் பங்கிட்டனர். உயிர்காக்கும் நெறியைத் தாய்மொழியில் எழுதாமையும் ஓர் உயிர்க்கேடே.

செங்கற்பட்டில் 1965இல் தோன்றிய அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையே பாலாற்றங்கரை முதல் மாமல்லைக் கடற்கரை வரையுள்ள ஏழையர்க்குப் புகலிடம். 2021 மே 4 இரவில் அங்கே 13 நோயாளர் இறந்தனர். உயிர்வளி குறைந்ததா இல்லையா என்று வழக்காடினர். அத்தகைய இரவில் படுக்கைக்குப் படுக்கை ஓடும் செவிலி தன் முகவுறையைச் சரிசெய்ய நேரம் பெறுவாளா? நோயாளரின் காப்பும் தொண்டரின் காப்பும் ஒன்றே என உணர இதனினும் சான்று வேண்டுமா? அதே ஊரையடுத்த திருமணியில் பலநூறு கோடி உருபாவில் எழுப்பிய தடுப்பூசி வளாகம் அப்போது வெறுமனே கிடந்தது.

வீழ்ந்தோரை எண்ணவாவது செய்தனரா? 2020 செப்டம்பரில், இறந்த மருத்துவப் பணியாளரின் கணக்கு தம்மிடம் இல்லை என நடுவணரசு நாடாளுமன்றத்தில் கூறியது. மருத்துவர் சங்கமே 382 மருத்துவரின் பட்டியலை வெளியிட நேர்ந்தது. உலகளவில் 2021 மே வரை இறந்தோர் 80,000 முதல் 1,80,000 வரை இருக்கலாம் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீடு. இடைப்பட்ட ஓரிலக்கம் பேர் இருந்தாரா இறந்தாரா என்பதே தெரியவில்லை! வீழ்ந்த மறவனுக்குக் கல் நட ஆறு நிலை வகுத்த தொல்காப்பியத்தின் வழிவந்தோர் இதற்கு நாணவேண்டாவா? பட்டியலில் துப்புரவுத் தொழிலாளர் பெயர் எங்கே?

தப்பியோர் நிலையும் அதுவே. நோய்க்காலத்தில் ஒப்பந்தத்தில் அமர்த்திய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரின் பணி 2022 திசம்பர் 31உடன் முடிக்கப்பட்டது.

'மருத்துவத் தொழிலில் இடர் இயல்புதானே?' என்பார் உளர். கடலும் இடர் மிக்கதே. ஆயினும், ஓட்டைப் படகில் தன் மகனைக் கடலுக்கு விடுக்கும் மீனவன் எம் கடற்கரையில் ஒருவனும் இல்லை. கடலின் இடர் வேறு. படகின் ஓட்டை வேறு. முன்னது இயற்கை, பின்னது குற்றம்.

எனவே, தமிழன்பர்களே! அடுத்த கொள்ளைநோய் வருமுன் இவற்றைக் கேளுங்கள்: மருத்துவர் முதல் துப்புரவாளர் வரை ஒரே தரக் காப்புறை; காற்றோட்டமுள்ள நோயறை; தமிழில் எழுதிப் பயிற்றும் காப்புநெறி; நிலைத்த பணி; வீழ்ந்தோர் ஒருவர் விடாத கணக்கு. இவற்றைத் தந்தபின் முன்களம் என்று சொல்லுங்கள். அதுவரை அச்சொல் வாயளவே.