அந்த ட்யூப்பைத் திருப்பிப் பாருங்கள்



படர்தாமரை பற்றி முன்பு ஒரு சின்னத் துணுக்கு வெளியிட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘பெயர் போட வேண்டாம்’ என்ற குறிப்போடு வந்தவை. பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் ஒரு சகோதரி எழுதியிருந்தார்: “பாவாடை நாடா கட்டுற இடத்துலதான் வட்டமா ஆரம்பிச்சது. கடையில ஆயின்மென்ட் வாங்கிப் போட்டா ரெண்டே நாள்ல கேக்குது, விட்டா திரும்ப வருது. இப்போ அக்குள், தொடையெல்லாம் பரவிடுச்சு. மாமியாருக்கும் வந்திருக்கு. டாக்டர்கிட்ட காட்ட வெக்கமா இருக்கு.” மற்ற கடிதங்களில் ஊர் மாறியது, உடம்பில் வந்த இடம் மாறியது. ‘ரெண்டே நாள்ல கேக்குது, விட்டா திரும்ப வருது’ மட்டும் மாறவில்லை. இந்தப் பக்கத்தை அந்த வரிக்காகவே எழுதுகிறேன்.

படர்தாமரைக்குக் காரணம் பூஞ்சை. தோலின் மேலடுக்கில் இருக்கும் கெரட்டினைத் தின்று, நடுவில் தெளிந்து ஓரத்தில் சிவந்து செதிலோடு வட்டமாக விரியும். சிவப்பும் அரிப்பும் நம் உடம்பு அதை எதிர்ப்பதால் வருபவை. கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் பூஞ்சைக்கு ஒரு மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. அது உடம்பின் எதிர்ப்பை அடக்கிவிடும். அரிப்பு நின்று, சிவப்பு மங்கி, ஆறிவிட்டதாக நாமும் நம்பிவிடுகிறோம். தடுக்க ஆளில்லாத பூஞ்சையோ உள்ளுக்குள் பரவி, களிம்பை விட்டதும் முன்னைவிட அகலமாகக் கிளம்புகிறது. மாதக்கணக்கில் தடவியவர்களுக்கு அந்த வட்ட வடிவமே கலைந்துவிடுவதால், இது என்ன நோய் என்று மருத்துவரே தடுமாற நேரும். தொடை இடுக்கில் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு போல வரிவரியாகக் கோடு விழும். பூஞ்சையைக் குணப்படுத்திவிடலாம், அந்தக் கோடுகள் முழுதாக மறையாது.

வீட்டில் இருக்கும் ட்யூப்பைத் திருப்பிப் பாருங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன் என்று பொடி எழுத்தில் இருந்தால் அது ஸ்டீராய்டு. இவை விஷமல்ல. கரப்பானுக்கும் காளாஞ்சகப்படைக்கும் மருத்துவர் அளந்து கொடுத்தால் நல்ல மருந்துதான். படர்தாமரைக்குத்தான் ஆகாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் இப்படிப்பட்ட களிம்புகளை விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியைத் திருத்தியது. ஆனாலும் ‘அண்ணே, அரிப்புக்கு ஒண்ணு குடுங்க’ என்றால் இன்றும் கிடைக்கிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். முகம் வெளுக்க வேண்டும் என்று இதே களிம்பைப் பூசிக்கொள்ளும் பிள்ளைகளை நினைத்தால் இன்னும் கவலையாக இருக்கிறது. நிறுத்தினால் முகம் சிவந்து எரியும் என்பதால் அவர்களால் விடவும் முடிவதில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. படர்தாமரைக்கு முக்கியமான மருந்து டெர்பினஃபைன். அதற்கு மசியாத ஒரு பூஞ்சையை இந்திய, நேபாள நோயாளிகளிடம் கண்டு, 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு ‘ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே’ என்று பெயரிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்கும் கேட்கும் என்று எண்ண வேண்டாம்.

மருந்தளவுக்குத் துணியும் முக்கியம். ஈரம் காயாத அரைஞாண் கயிறும், நாள் முழுக்க வியர்வையில் ஊறும் பாவாடை நாடாவும் பூஞ்சைக்குத் தோதான இடங்கள். நோய் தீரும்வரை கயிற்றைக் கழற்றி வையுங்கள். சாமிக்குக் கட்டியது என்று தயங்குபவர்கள், ஆறியதும் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். நோயாளியின் துணியைத் தனியாக வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் காயப்போட்டு, தையல் மடிப்புகளில் இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்க்க வேண்டும். துண்டு ஆளுக்கு ஒன்று. வீட்டில் இருவருக்கு இருந்தால் இருவரும் ஒரே சமயத்தில் வைத்தியம் பார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். களிம்பை வட்டத்தின் மேல் மட்டுமல்லாமல், ஓரத்தைத் தாண்டி 2 சென்டிமீட்டர் வரை தடவுங்கள். தோல் பழைய மாதிரி ஆன பிறகும், மருத்துவர் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள்.

வண்டுகொல்லி இலையை அரைத்துப் பூசலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சீமை அகத்தி என்று சொல்வார்களே, அதுதான். பூஞ்சையை அடக்கும் பொருள் அந்த இலையில் உண்டு, நம் முன்னோர் சும்மா பூசவில்லை. ஆனால் ஸ்டீராய்டு தடவி மெலிந்த தோலுக்கும், உடம்பெல்லாம் பரவிவிட்ட நோய்க்கும் அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். பூண்டை நசுக்கிக் கட்டுவது கூடவே கூடாது, தோல் வெந்துவிடும்.

குழந்தையின் தலையில் வட்டமாக முடி கொட்டினால் உடனே புழுவெட்டு என்று முடிவு கட்டாதீர்கள். புழுவெட்டில் தோல் வழவழவென்று இருக்கும். செதிலும் ஒடிந்த முடிக் குச்சிகளும் தெரிந்தால் பூஞ்சையாக இருக்கலாம். அதற்குத் தடவும் மருந்து மட்டும் போதாது, உள்ளுக்கும் மருந்து வேண்டும்.

வெட்கத்தால் தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சுத்தமாக இருப்பவர்களுக்கும் இது வரும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. கொஞ்சம் செதிலைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழை இழையாகத் தெரியும். வலிக்காது. போகும்போது, இதுவரை தடவிய ட்யூப் காலியாகியிருந்தாலும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

அடுத்த இதழில் தோல் மருத்துவர் ஒருவர் உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். எத்தனை நாளாக இருக்கிறது, என்னென்ன தடவினீர்கள், வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்ற மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். வேண்டாம் என்றால் பெயர் மட்டுமல்ல, ஊரைக்கூடப் போட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்