‘த்ரில்லர்’: ஒன்பதில் எது ஃபர்ஸ்ட்?

1982-ல் வந்த மைக்கேல் ஜாக்சன் ஆல்பம். கடைசியிலிருந்து என் வரிசை இதோ!

9. தி கேர்ள் இஸ் மைன்: பால் மெக்கார்ட்னி கூடப் பாடியும் சப்பென்று இருக்கிறது.
8. பேபி பி மைன்: கேட்கலாம், மனதில் நிற்காது.
7. தி லேடி இன் மை லைஃப்: தாலாட்டு!
6. பி.ஒய்.டி.: துள்ளல்.
5. வான்னா பி ஸ்டார்ட்டின் சம்திங்: முதல் பாட்டிலேயே எழுப்பிவிடும்.
4. த்ரில்லர்: வீடியோவை மறந்து, கண்ணை மூடிக் கேளுங்கள். நான்காமிடம்தான். மகள் என்னோடு ‘டூ’ விட்டுவிட்டாள்.
3. பீட் இட்: எடி வான் ஹேலனின் கிடார்!
2. ஹியூமன் நேச்சர்: விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க.
1. பில்லி ஜீன்: ஆரம்ப இசை ரொம்ப நீளம் என்றார் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ். தன்னை ஆடவைப்பதே அதுதான் என்று மைக்கேல் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பிடிவாதத்துக்கே முதலிடம்.

உங்கள் வரிசை என்ன?