பாதை நம் லயத்து வாசலில் போகிறது, பஸ் வருகிறதா?

கடந்த சில வருடங்களாக எமது தோட்டங்களில் புதிய ஆட்களைக் காண்கிறோம். முதுகில் பெரிய பை, காலில் தடித்த சப்பாத்து, கையில் ஒரு தடி. வேனில் வந்து நீர்வீழ்ச்சிக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அல்ல இவர்கள். சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலை மலைக்குள் ஏறி, லயத்துக்குப் பின்னால் போகும் பாதையில் நடந்து அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் இஸ்தோப்பில் நின்று கையசைக்கிறார்கள். மலையில் நிற்கும் நாமும் நிமிர்ந்து ஒரு நிமிடம் பார்க்கிறோம். பிறகு நிறுவைக்கு நேரமாகிவிடும்.

இவர்களில் பலர் நடப்பது பீக்கோ ட்ரெயில் என்ற பாதையில். கண்டி ஹந்தானையில் தொடங்கும் அந்தப் பாதை கலஹா, லூல்கந்துர, பூண்டுலோயா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, அப்புத்தளை, எல்ல என்று மலைநாட்டைச் சுற்றி வந்து நுவரெலியாவில் முடிகிறது. மொத்தம் 22 கட்டங்கள், 300 கிலோமீற்றர் அளவு தூரம். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க அரசின் யூஎஸ்எயிட் நிறுவனமும் இதற்கு நிதி கொடுத்தன. பெயரோ நாம் ஸ்டோரில் அரித்துத் தரம் பிரிக்கும் தூளின் பெயர்.

பாதையின் பெரும்பகுதி புதிதாக வெட்டப்பட்டதல்ல. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் காட்டை அழித்து, பாறையை உடைத்து, கான் வெட்டி எமது முன்னோர் போட்ட ரோட்டுகளும் குறுக்குப் பாதைகளும்தான் அவை. லூல்கந்துரவில் 1867ஆம் ஆண்டு 19 ஏக்கரில் தேயிலை நட்டவர் என்று ஜேம்ஸ் டெய்லரின் பெயர் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. அந்தக் குழிகளை வெட்டியவர்களின் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்து போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களை நினைத்து 2023ஆம் ஆண்டு, மலையகம் 200 என்று, அதே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தார்கள். நடை என்பது எமக்குப் புதிய பொழுதுபோக்கு அல்ல. எமது வரலாறே நடையில்தான் தொடங்குகிறது.

இதைச் சொல்வது நடக்க வருகிறவர்களை விரட்டுவதற்காக அல்ல. வரட்டும். காரின் கண்ணாடி வழியே பச்சையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவரைவிட, எமது லயத்தைக் கடந்து, எமது பீலியில் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர் இந்த நாட்டைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்துகொள்வார். எமது கேள்வி வேறு. பாதை எமது வாசலில் போகிறது. அதனால் எமக்கு என்ன வருகிறது?

முதலில் பஸ்ஸைப் பற்றிப் பேசுவோம். இந்த மாதிரிப் பாதை ஓரிடத்தில் தொடங்கி இன்னோரிடத்தில் முடிகிறது. காலையில் ஹந்தானையில் நடக்கத் தொடங்கியவர் கலஹாவில் போய் முடிக்கிறார். அங்கிருந்து கண்டிக்குத் திரும்ப அவருக்கு பஸ் வேண்டும். பஸ் இல்லாவிட்டால் பாதை அரைப் பாதைதான். ஆக, சுற்றுலாத் துறை பெருமைப்படும் இந்தத் திட்டம் ஓடுவது எமது இ.போ.ச. பஸ்ஸையும் தனியார் பஸ்ஸையும் நம்பித்தான்.

அந்த பஸ்ஸில் யார் போகிறார்கள் என்று எமக்குத் தெரியும். காலை பஸ்ஸில் டவுன் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள், கிளினிக் கொப்பியோடு கர்ப்பிணித் தாய்மார், மருந்து எடுக்கப் போகும் வயதானவர்கள், கொழும்புக்கு வேலைக்குப் போகும் இளைஞர்கள். ஒரு பஸ் தவறினால் அடுத்தது எப்போது என்று தெரியாது. மழையில் ரோட்டு உடைந்தால் சந்தியோடு பஸ் நின்றுவிடும். அங்கிருந்து லயத்துக்கு நடைதான், இல்லாவிட்டால் ஓட்டோதான். ஓட்டோவில் போனால் ஒரு நாள் பேர் அதற்கே போய்விடும். மாலை வகுப்பு முடிந்து வர பஸ் இல்லை என்று பெண் பிள்ளைகளின் படிப்பை நிறுத்திய வீடுகள் எமது தோட்டங்களில் உண்டு.

மலை ரோட்டில் பஸ் விட முடியாது, கட்டாது என்று பதில் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுவோம். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலை யாத்திரைக் காலத்தில், அட்டன் ரயில் நிலையத்திலிருந்து நல்லதண்ணி வரை விசேட பஸ்கள் ஓடுகின்றன. ராத்திரியிலும் ஓடுகின்றன. அதே மலை, அதே வளைவு, அதே பனி. மனம் இருந்தால் பஸ் ஓடும் என்பதை அரசே வருடா வருடம் காட்டுகிறது. யாத்திரை போகிறவருக்கு ஓடுவது நல்லதே. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் ஓடட்டும் என்கிறோம்.

ரோட்டைப் பற்றிக் கேட்டால், அது தோட்டத்து ரோட்டு, கம்பனிதான் போட வேண்டும் என்று பிரதேச சபை சொல்லும். கம்பனி காசு இல்லை என்று சொல்லும். இந்தப் பந்து விளையாட்டு இனிச் செல்லாது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், தோட்டங்களுக்குள் சபை வேலை செய்யத் தடையாக இருந்தது உண்மை. அந்தச் சட்டம் 2018ஆம் ஆண்டு திருத்தப்பட்டுவிட்டது. இப்போது சபை நிதியில் தோட்டத்து ரோட்டைத் திருத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. எமது வாக்கில் சபைக்குப் போன உறுப்பினர்களிடம் இதைக் கேட்பது எமது கடமை.

இரண்டாவது காணி. பாதை நெடுகிலும் நடக்கிறவர்கள் தேநீர் கேட்கிறார்கள், ரொட்டி கேட்கிறார்கள், ராத்திரி தங்க இடம் கேட்கிறார்கள். எமது பெண்களின் கையில் சமையல் இருக்கிறது. எமது இளைஞர்கள் சிங்களமும் பேசுவார்கள், கொஞ்சம் ஆங்கிலமும் பேசுவார்கள், அட்டைக் கடியிலிருந்து குறுக்கு வழி வரை எல்லாம் அறிவார்கள். ஆனால் இஸ்தோப்பில் ஒரு பெஞ்சு போட்டுத் தேநீர் விற்பதற்கும் காரியாலயத்தின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நிலம் அரசுடையது, 1992 முதல் முகாமைத்துவம் கம்பனியுடையது, காம்பராவுக்கு எமது பேரில் உறுதி இல்லை. அடகு வைக்க உறுதி இல்லாதவருக்கு வங்கி கடன் கொடுக்குமா? கடன் இல்லாமல் ஒரு அறையைத் திருத்தி விருந்தாளியைத் தங்கவைக்க முடியுமா? நிலைமை இப்படியே இருந்தால் எமது லயத்தைப் பார்க்க வருகிறவரின் காசு, எமது லயத்தைக் கடந்து பழைய துரை பங்களா ஹோட்டலுக்குப் போய்ச் சேரும். காணி உரிமை என்று நாம் காலம் காலமாகக் கேட்பது வீட்டுக்காக மட்டும் அல்ல, பிழைப்புக்காகவும்தான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

மூன்றாவது மரியாதை. எமது பெண்கள் கொழுந்து எடுப்பது கண்காட்சி அல்ல, வேலை. படம் எடுக்க விரும்புகிறவர் முதலில் கேட்கட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடட்டும். பாதையோரத்தில் நடக்கிறவர்களுக்கு மலசலகூடம் கட்டுவதாக இருந்தால் நல்லது. அதைப் பூட்டி வைக்காமல், நாள் முழுவதும் மலையில் நிற்கும் எமது பெண்களும் பாவிக்கும்படி கட்டுங்கள். அரை நாள் நடந்துவிட்டுப் போகிறவரின் கஷ்டம் புரிகிறது என்றால், ஆயுள் முழுவதும் அங்கேயே நிற்கிறவளின் கஷ்டமும் புரியத்தான் வேண்டும்.

எமது பக்கத்திலும் சொல்ல ஒன்று இருக்கிறது. டொபிக்கும் பேனைக்கும் காசுக்கும் பிள்ளைகள் வெளிநாட்டாரின் பின்னால் ஓடுவதைச் சில இடங்களில் காண்கிறோம். கேட்டு வாங்கும் பழக்கம் ஒரு முறை பிடித்தால் பாடசாலை கசந்துவிடும். பெற்றோர் இதைக் கண்டிக்க வேண்டும். வழி காட்டியதற்குக் கூலி வாங்குவது வேறு, கையேந்துவது வேறு.

கடைசியாக ஒரு யோசனை. இந்தப் பாதைகள் பிறருக்கு மட்டும் ஏன்? டயகமவில் பிறந்த எத்தனை பிள்ளைகள் லூல்கந்துரவைப் பார்த்திருக்கிறார்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு கிளம்புவோம். அப்புத்தளையில் தம்பேத்தென்ன பஸ்ஸில் ஏறினால், லிப்டன் 1890இல் கட்டிய தொழிற்சாலை வரை போகலாம். அங்கிருந்து ஏழு கிலோமீற்றர் மலைக்கு மலை ஏறினால் லிப்டன் சீட். காலையிலேயே போய்விட வேண்டும், பகல் ஏறினால் மேகம் மூடிவிடும். மேலே நின்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்: லிப்டன் இங்கே உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்தான் என்று சொல்வார்கள், ஆனால் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை நட்டதும் நிரை பிடித்ததும் நாம்தான் என்று. அந்தப் பிள்ளை மலை இறங்கும்போது தலை நிமிர்ந்து இறங்கும்.

எனவே எதிர்வரும் கிளைக் கூட்டங்களில் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசுமாறு தோட்டத் தலைவர்களையும் மாதர் தலைவிகளையும் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் தோட்டத்துக்கு வரும் பஸ்கள் எத்தனை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தோடு நிற்கின்றன என்று எழுதுங்கள். ரோட்டு எங்கே உடைந்திருக்கிறது என்று எழுதுங்கள். அதை வைத்துக்கொண்டு டிப்போவுக்கும், மாகாணப் போக்குவரத்து அதிகாரசபைக்கும், பிரதேச சபைக்கும் போவோம். இந்தப் பாதைக்கு பஸ் தேவை என்று இன்று சுற்றுலாத் துறையும் சொல்கிறது. நாம் பல காலமாகச் சொல்வதும் அதுதான். இரண்டு குரலும் ஒன்று சேர்ந்திருக்கும் இந்த நேரத்தில் கேட்காவிட்டால், பிறகு எப்போது கேட்பது?