தீவில் எதை வைப்பது, கரையில் எதை வைப்பது?

சென்னையில் கப்பல் ஏறினால் அந்தமான் தலைநகரம் ஸ்ரீ விஜயபுரத்துக்குப் போய்ச்சேர ஏறத்தாழ மூன்று நாள். பழைய போர்ட் பிளேர்தான் அது. அங்கிருந்து கிரேட் நிக்கோபாரின் காம்ப்பெல் பேக்குப் போக இன்னொரு கப்பல். கைக்கெட்டும் பொருள் வேறு, கடல் தாண்டி வரும் பொருள் வேறு என்பது தீவுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெரிய சர்வர்களுக்குள்ளும் இதே தீவுக் கணக்குதான். ஒரே பெட்டியில் இரண்டோ நான்கோ பிராசஸர்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே சொந்த நினைவகம். பிராசஸரும் அதன் நினைவகமும் சேர்ந்தது ஒரு நோடு. அடுத்த நோடின் நினைவகத்திலிருந்தும் தரவை எடுக்கலாம், ஆனால் ஒன்றரை, இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். லினக்ஸ் கெர்னல் இந்தத் தூரத்தை அட்டவணை போட்டே வைத்திருக்கிறது: சொந்த நோடுக்கு 10, அடுத்ததற்குப் பெரும்பாலும் 20 அல்லது 21. புரோகிராம் எந்த நோடில் ஓடுகிறதோ, அங்கேயே முதலில் இடம் ஒதுக்கும்.

நல்ல கொள்கைதான், பிடிவாதமாகாதவரை.

நோடுகளுக்கு இடையிலான தூரம் ஓர் அளவைத் தாண்டினால் 'ஸோன் ரிக்ளெய்ம்' என்ற ஏற்பாடு முன்பு தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். சொந்த நினைவகம் நிறைந்ததும், அடுத்த நோடில் இடம் காலியாகக் கிடந்தாலும், கையிருப்பில் உள்ள கோப்புப் பக்கங்களைக் கெர்னல் வெளியே தள்ளும். மறுபடி தேவைப்பட்டால் வட்டிலிருந்து வாசிக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் திண்ணை காலியாக இருக்க, அரிசி மூட்டையைத் தெருவில் வீசிவிட்டு அடுத்த கப்பலுக்குக் காத்திருப்பது போன்றது இது. டேட்டாபேஸ், கோப்பு சர்வர்கள் இதில் திணறின. 2014-ல் வந்த லினக்ஸ் 3.16 இந்தத் தானியங்கி ஏற்பாட்டைக் கைவிட்டது.

அந்தமானுக்கு இந்தப் பாடம் இப்போது தேவை. 2020 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்த கடலடிக் கேபிள், சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்தில் சென்னையைத் தலைநகரத்தோடும் கார் நிக்கோபார், கமோர்ட்டா உள்ளிட்ட ஏழு தீவுகளோடும் இணைக்கிறது. செலவு 1,224 கோடி ரூபாய். அதற்கு முன் நம்பியிருந்த செயற்கைக்கோள் வழியில் ஒரு கேள்வி போய்ப் பதில் வர அரை வினாடி ஆகும். கண்ணாடி இழையிலோ ஒளி 1,000 கிலோமீட்டரை 5 மில்லிவினாடியில் கடந்துவிடுகிறது.

கேபிள் வந்துவிட்டது என்பதற்காக எல்லாத் தரவையும் சென்னையில் குவிக்கலாமா? கூடாது. காம்ப்பெல் பே நோயாளியின் மருத்துவப் பதிவைத் திறக்கக் கடலடிக் கேபிளைச் சார்ந்திருக்கக் கூடாது. அதற்காக எல்லாவற்றையும் தீவிலேயே பூட்டி வைப்பதும் ஆபத்து. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனையில் நிலமே சுமார் 4 மீட்டர் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது.

ஆகவே அன்றாடம் தொடும் பதிவுகள் அந்தந்தத் தீவில் இருக்கட்டும். அவற்றின் நகல் கரையில் இருக்கட்டும். தீவில் இடம் போதாவிட்டால் அரிதாகத் தொடுபவை மட்டும் கடல் தாண்டட்டும். கேபிளுக்குப் பணம் ஒதுக்கிய அரசு, எந்தத் தரவு எங்கே என்ற இந்த விதியையும் எழுதி வெளியிட வேண்டும்.