கீறல் விழுந்த போன் மட்டமான போன் அல்ல

2012 செப்டம்பர் 21-ஆம் தேதி ஐபோன் 5 கடைகளுக்கு வந்தது. கறுப்பு நிறத்தை ஆசைப்பட்டு வாங்கியவர்களில் சிலர், பெட்டியைப் பிரித்ததுமே விளிம்பில் பளிச்சென்று ஒரு வெள்ளிக் கோட்டைப் பார்த்தார்கள். இன்னும் பலருக்கு, பாக்கெட்டில் போட்டு எடுத்த சில நாட்களிலேயே அந்தக் கோடு விழுந்தது. ஊடகங்கள் இதற்கு ‘ஸ்கஃப்கேட்’ என்று பெயர் சூட்டின. முறையிட்ட ஒரு வாடிக்கையாளருக்கு ஆப்பிளின் அப்போதைய மார்க்கெட்டிங் தலைவர் ஃபில் ஷில்லர் பதில் எழுதினார்: அலுமினியப் பொருள் எதுவானாலும் புழங்கப் புழங்கக் கீறும், அடியில் இருக்கும் வெள்ளி நிறம் தெரியும், அது இயல்புதான் என்பது அதன் சாரம். கோபம் தணியவில்லை, கூடியது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பரில், ஐபோன் 17 ப்ரோவின் அடர்நீலப் போன்களில் கடைக் காட்சி மேசையிலேயே தழும்புகள் தெரிந்தபோது அதே கூச்சல் மறுபடி எழுந்தது.

இடைப்பட்ட காலத்தில் ஒரு நம்பிக்கை ஊறிப்போய்விட்டது. உலோக முதுகு கீறினால் அது மட்டமான உலோகம், ஒழுங்காகச் செய்திருந்தால் கீறாது, கண்ணாடியோ டைட்டானியமோ இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்கிறார்கள். மொபைல் கடை கவுன்டர்களில் இதைத் தினமும் கேட்கலாம். பழைய போனை விற்கப் போகிறவரிடம் விலையைக் குறைக்க முதலில் காட்டப்படுவதும் இந்தக் கீறல்தான். இந்த நம்பிக்கை ஏறக்குறைய ஒவ்வொரு படியிலும் தவறு. கொஞ்சம் சரியாக இருக்கும் ஓரிடத்திலும் குற்றவாளியை மாற்றிப் பிடிக்கிறது.

மட்டமான உலோகம் என்ற முதல் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். அலுமினியம் மென்மையான உலோகம் என்பது உண்மை. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 3-ஐக்கூடத் தொடாது. அதனால்தான் அதை வெறும் உடம்போடு யாரும் போனாக்குவதில்லை. அமிலத் தொட்டியில் இறக்கி மின்சாரம் பாய்ச்சினால், அலுமினியத்தின் மேற்பரப்பே ஆக்சைடாக மாறுகிறது. இது மேலே பூசிய பெயின்ட் அல்ல, உலோகத்திலிருந்தே வளர்ந்த தோல். அனோடைசிங் எனப்படும் இந்த வித்தை, 1923-இல் பிரிட்டனில் கடல்விமான உறுப்புகளை உப்புநீரிலிருந்து காக்கப் பயன்பட்டது. நம் சமையலறைகளில் இருக்கும் கறுப்பு ஹார்டு அனோடைஸ்டு கடாய் இதே முறையின் தடித்த வடிவம். அடியில் இருக்கும் உலோகத்தைவிட இந்தத் தோல் பல மடங்கு கடினமானது.

ஆனால் மெல்லியது. அலங்கார வேலைகளுக்கு இந்தத் தோல் பொதுவாக 5 முதல் 25 மைக்ரான் வரைதான் இருக்கும். தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான். நிறம் வருவதும் இதற்குள்தான். ஆக்சைடுக்குச் சொந்த நிறம் இல்லை. அதில் உள்ள நுண்துளைகளில் சாயத்தை ஊறவைத்து, பிறகு துளைகளை அடைத்துவிடுகிறார்கள். கறுப்பும் நீலமும் ஆரஞ்சும் அந்தச் சில மைக்ரானோடு முடிந்தன. அதைத் தாண்டி ஒரு கீறல் இறங்கினால் வெள்ளி எட்டிப் பார்க்கும்.

இப்போது ஐபோன் 5-க்குத் திரும்பினால் கதை தெளிவாகிறது. அந்தப் போன் இரண்டு நிறங்களில் வந்தது: கறுப்பும் சிலேட்டும் ஒன்று, வெள்ளையும் வெள்ளியும் மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே அலுமினியம், ஒரே வடிவம், ஒரே செய்முறை. கூச்சல் எழுந்ததோ பெரும்பாலும் கறுப்பைப் பற்றித்தான். உலோகம் மட்டமாக இருந்திருந்தால் வெள்ளிப் போன் வாங்கியவர்களும் அதே அளவு கொதித்திருக்க வேண்டும். அவர்கள் போனிலும் கீறல் விழுந்தது. வெள்ளிக்குள் வெள்ளி தெரிந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. மறு ஆண்டு வந்த 5எஸ்-இல் சிலேட்டைக் கைவிட்டு, அதைவிட வெளிறிய ‘ஸ்பேஸ் கிரே’யைக் கொண்டுவந்தது ஆப்பிள். போனின் உடல் அலுமினியமாகவே நீடித்தது, மாறியது நிறம். கூச்சலும் அடங்கியது.

மட்டமான வேலை என்ற பேச்சுக்கு விலை கொடுத்தவர்கள் வேறு யாரோ. 2012 அக்டோபர் தொடக்கத்தில், சீனாவின் செங்சோவில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் தொழிலாளர்களுக்கும் தரப் பரிசோதகர்களுக்கும் இடையே கைகலப்பு நடந்தது. கீறல் புகார்களுக்குப் பிறகு தரக் கெடுபிடி தாங்க முடியாத அளவுக்கு இறுக்கப்பட்டதாகவும், ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்ததாகவும் ‘சைனா லேபர் வாட்ச்’ அமைப்பு சொன்னது. தகராறு நடந்ததை ஃபாக்ஸ்கான் ஒப்புக்கொண்டது, வேலைநிறுத்தத்தை மறுத்தது. எப்படியானாலும், மென்மையான உலோகத்தின் மேல் மெல்லிய கறுப்புத் தோல் என்று முடிவெடுத்தவர்கள் அந்த ஆலையில் நின்று வேலை செய்தவர்கள் இல்லை. இது நமக்குத் தூரத்துச் செய்தியும் அல்ல. ஐபோனின் உலோகக் கூடுகள் இன்று ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையிலும் உருவாகின்றன. கீறலைக் கண்டதும் ‘செய்தவர்கள் சரியில்லை’ என்று சொல்லும் பழக்கம், இனி நம் ஊர்த் தொழிலாளர்களின் கைகள்மீதும் விழும்.

சாவியையும் சில்லறையையும் பழிப்பது இரண்டாவது வழக்கம். பித்தளைச் சாவி அனோடைசிங் தோலைவிட மென்மையானது. அது போனில் தேய்ந்தால் பெரும்பாலும் சாவியின் உலோகம்தான் போனில் ஒட்டிக்கொள்ளும். பார்ப்பதற்கு அச்சு அசலாகக் கீறல்போல இருக்கும். 2025-இல் கடைகளில் தெரிந்த தழும்புகளில் பல இந்த வகைதான் என்றும், காட்சிக்கு வைத்த காந்தத் தாங்கிகள் தேய்ந்து அவற்றின் பொருள் போனில் படிந்தது என்றும், துடைத்தால் போய்விடும் என்றும் ஆப்பிள் விளக்கம் தந்தது. அந்த அளவில் விளக்கம் சரி. ஈரத்துணியால் துடைத்துப் பார்க்காமல் எந்தக் கோட்டையும் கீறல் என்று தீர்மானிக்கக் கூடாது.

உண்மையில் அறுப்பது மணல். கடற்கரை மணலிலும் தெருப் புழுதியிலும் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ், மோஸ் அளவுகோலில் 7. மெரினாவில் ஒரு மாலை உட்கார்ந்து எழுந்தவரின் பாக்கெட் அடியில் சாவி இல்லாவிட்டாலும் நாலு மணல் பருக்கை இருக்கும். போன் திரைகளில் நுண்கோடு போடுவதும் அதுவே. எஃகுச் சாவியும் காசும் தனியாக இருந்தால் செய்யாததை, மணலை இடையில் வைத்து அழுத்தும்போது செய்துவிடும். காரணம் தோலின் கடினத்தில் இல்லை, அதன் அடியில் இருப்பதில் இருக்கிறது: மெத்தைமேல் வைத்த அப்பளத்தை ஒரு விரலால் அழுத்தினால் என்ன ஆகுமோ அதுதான். மேலே இருப்பது விறைப்பு, கீழே இருப்பது குழைவு. அழுத்தம் ஒரு புள்ளியில் குவிந்தால் மேல்தோல் நொறுங்கும்.

அப்படியானால் போனுக்குக் கவர் போட்டால் போதுமே என்பார்கள். விழும்போது கவர் காப்பாற்றும், சந்தேகமில்லை. தேய்மானத்திலிருந்து காப்பாற்றுமா என்றால், சுத்தமாக இருக்கும்வரை மட்டும். விளிம்பு வழியாக உள்ளே போன தூசி வெளியே வர வழியின்றி, கவருக்கும் உலோகத்துக்கும் நடுவே நாள் முழுக்க அரைபடும். மாதக்கணக்கில் கழற்றாத கவரை ஒருநாள் கழற்றினால், ஓரங்களில் நிறம் மங்கித் தேய்ந்திருப்பதைப் பார்த்து அதிர்ந்தவர்கள் ஏராளம்.

விலை கூடிய உலோகம் வந்தால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையை அனுபவமே உடைத்துவிட்டது. கண்ணாடிபோல் மெருகேற்றிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முதுகுடன் வந்த பழைய ஐபாட்களை வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்: ஸ்டீல் அலுமினியத்தைவிடக் கடினம், ஆனாலும் அந்த மெருகில் மயிரிழைக் கோடுகூட வெளிச்சத்தில் மின்னும். 2023-இல் ஐபோன் 15 ப்ரோ டைட்டானியச் சட்டத்துடன் வந்தது. விமான உறுப்புகளுக்குப் பயன்படும் நல்ல கலப்புலோகம்தான். ஆனால் அதன் நீலமும் கறுப்பும் மேலே ஏற்றிய மெல்லிய பூச்சு. பூச்சு கீறினால் சாம்பல் நிற டைட்டானியம் தெரியும். கைப்பிசுக்கால் சட்டத்தின் நிறம் தற்காலிகமாக மாறித் தெரியலாம் என்று நிறுவனமே சொல்ல வேண்டியிருந்தது. உலோகம் மாறினாலும், நிறம் மேல்தோலில் மட்டும் இருக்கும்வரை சிக்கல் அதேதான்.

இரண்டே ஆண்டுகளில் ப்ரோ வரிசை அலுமினியத்துக்கு மாறியதற்குக் காரணம் கீறலே அல்ல, வெப்பம். முன்பு பயன்படுத்திய டைட்டானியத்தைவிட இந்த அலுமினியம் 20 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது என்கிறது ஆப்பிள். கையில் கொதிக்காத போன் வேண்டுமா, நிறம் போகாத விளிம்பு வேண்டுமா என்ற தேர்வில் வெப்பத்தை முன்னே வைத்தது சரியான முடிவு.

இத்தனையும் சொன்னதால், ‘எல்லாம் இயல்பு’ என்ற நிறுவனங்களின் பதிலை அப்படியே விழுங்க வேண்டும் என்றாகாது. புகார் சொன்னவர்கள் பக்கம் நியாயம் இருப்பது இங்கேதான். அனோடைசிங் தோல் ஒவ்வொரு பரப்பிலும் செங்குத்தாக மேல்நோக்கி வளர்கிறது. இரண்டு பரப்புகள் கூர்மையாகச் சந்திக்கும் விளிம்பில், இரு பக்கத் தோல்களும் ஒன்றையொன்று விலகி வளர்வதால் நடுவே பலவீனமான கோடு உருவாகும். தடித்த அனோடைசிங் செய்ய வேண்டிய உறுப்புகளின் விளிம்பை முன்கூட்டியே உருட்டிவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பால பாடம். அமெரிக்க ராணுவத் தரக்குறிப்பே தோலின் தடிமனுக்கேற்ப விளிம்பு எவ்வளவு வளைய வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. இது தெரிந்தும் ஐபோன் 5-இன் விளிம்பு வைரத்தால் சீவப்பட்டுப் பளபளவென்று கூர்மையாக வந்தது. ஐபோன் 17 ப்ரோவின் முதுகில் கேமராக்கள் அமைந்த, புடைத்த மேடையின் ஓரமும் அப்படியே. போன்களைக் கீறியும் வளைத்தும் சோதிக்கும் யூடியூபர் ஸாக் நெல்சன் அதைப் பரிசோதித்தபோது, சமதளப் பரப்பு சாவிக்கும் காசுக்கும் தாக்குப்பிடித்தது. மேடையின் விளிம்பில் நிறம் பொரிந்து உதிர்ந்தது. தங்கள் மற்ற அலுமினியப் பொருள்களின் விளிம்பும் இப்படித்தான் இருக்கும் என்று ஆப்பிள் பதில் சொன்னது. ஒரு குறை பல பொருள்களில் இருப்பது அதை நியாயமாக்கிவிடாது. அழகுக்காகக் கூர்விளிம்பும் அடர்நிறமும் தேர்ந்தெடுத்தவர் வடிவமைப்பாளர்; அதன் பலனை வாங்கியவர் தலையில் கட்டுவது முறையல்ல.

இதே நிறுவனம் ஒருமுறை நேர்மையாக நடந்திருக்கிறது. 2016-இல் ஐபோன் 7 ‘ஜெட் பிளாக்’ நிறத்தில் வந்தபோது, இந்தப் பளபளப்பில் புழக்கத்தால் நுண்தேய்வு தெரியக்கூடும், கவலைப்படுகிறவர்கள் கவர் போட்டுக்கொள்ளுங்கள் என்று விற்பனைப் பக்கத்திலேயே குறிப்பு வைத்தது. வாங்கியவர் அதைத் தெரிந்துகொண்டே வாங்க முடிந்தது. எல்லா அடர்நிறப் போனுக்கும் அப்படி ஒரு வரியை எழுத என்ன தடை?

உலோகம் தோற்றுப்போனதால்தான் எல்லோரும் கண்ணாடிக்கு மாறினார்கள் என்பது இன்னொரு கதை. ஐபோன் 8 கண்ணாடி முதுகோடு வந்தது 2017-இல். காரணம் வயர்லெஸ் சார்ஜிங். உலோகத் தகடு குறுக்கே இருந்தால் சார்ஜரின் காந்தப்புலம் அதிலேயே சுழல்மின்னோட்டத்தைக் கிளப்பி வெப்பமாக வீணாகும், பேட்டரிக்குப் போய்ச் சேராது. ஆன்டெனாவும் உலோகத்தோடு ஒத்துப்போகாது. 2013-இன் அழகான அலுமினியப் போனான எச்டிசி ஒன்னின் முதுகில் இரண்டு பிளாஸ்டிக் கோடுகள் ஓடியது அலங்காரத்துக்காக அல்ல, சிக்னலுக்காக.

கண்ணாடி கீறலைக் கூடுதலாகத் தாங்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் விழுந்தால் உடையும். ஐபோன் 8 முதல் 13 வரையிலான போன்களில் பின்கண்ணாடி சட்டத்தோடு அழுத்தமாக ஒட்டப்பட்டிருந்ததால், அதை மாற்றச் சில கடைகள் லேசரால் பசையைச் சுட்டுப் பிரிக்க வேண்டியிருந்தது. 2022-இல் ஐபோன் 14 வந்தபோதுதான் பின்பக்கத்தைத் தனியாகக் கழற்றும்படி உள்ளமைப்பு மாறியது. கீறிய அலுமினியத்தோடு ஐந்து ஆண்டுகள் ஓட்டலாம். சிதறிய பின்கண்ணாடியோடு ஒரு வாரம் ஓட்டினால் விரலில் ரத்தம் வரும், ஈரமும் தூசியும் உள்ளே போகும்.

கீறிய இடத்தில் துருவேறும் என்ற பயத்தையும் விட்டுவிடலாம். இரும்புதான் துருப்பிடிக்கும். அலுமினியம் காற்றுப் பட்டதும் தானாகவே ஒரு நுண்ணிய ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்ளும். வியர்வை அதிகம் உள்ளவர்களின் கையில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் சிறு குழிகள் வரலாம், அவ்வளவே.

ஆகவே, போன் வாங்கப் போகிறவர்களுக்கு: தேய்மானம் உறுத்தும் என்றால் அலுமினியத்தில் வெள்ளி நிறத்தை எடுங்கள். கவரை வாரம் ஒருமுறை கழற்றி உள்பக்கத்தைத் துடையுங்கள். கோடு தெரிந்தால் முதலில் மென்மையான ஈரத்துணி. பிளீச்சும் ஹைட்ரஜன் பெராக்சைடும் பக்கத்தில் வரவே கூடாது. பழைய போன் வாங்குகிறவர்கள் முதுகில் உள்ள கோடுகளை விட்டுவிட்டு நான்கு மூலைகளையும் பாருங்கள். மூலையில் ஒடுக்கு இருந்தால் போன் விழுந்திருக்கிறது, உள்ளே என்ன அசைந்ததென்று விசாரிக்க வேண்டும். வெறும் கீறல் என்றால் போன் புழங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதைக் காட்டி விற்பவரின் வயிற்றில் அடிக்காதீர்கள்.