அந்த எலிக்கு வயசு என்ன?

‘எலிகளில் சோதனை வெற்றி’ என்று செய்தி வந்தால் உடனே வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறோம். அந்த எலிக்கு என்ன வயசு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

ஆய்வகங்களில் சோதிக்கப்படும் சுண்டெலிகளில் பெரும்பாலானவை 2, 3 மாதக் குட்டி இளசுகள். 18 முதல் 24 மாத எலிதான், மனிதக் கணக்கில் சுமார் 56 முதல் 69 வயதுக்காரர்.

இந்த இரண்டு எலிகளின் நோய் எதிர்ப்பு செல்களும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. டி செல்கள் முதிர்ச்சி அடையும் இடம், நெஞ்சில் இருக்கும் தைமஸ் சுரப்பி. வயது ஏற ஏற அது சுருங்கிவிடும். அதனால், இதுவரை பார்க்காத கிருமியை எதிர்கொள்ளும் புதிய டி செல்கள் குறையும். பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் செல்களே அதிகம் இருக்கும். எலும்பு மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்களும் டி, பி செல்களுக்குப் பதிலாக மைலாய்டு வகை செல்களையே கூடுதலாக உருவாக்கும். விளைவு? கிருமி வந்தால் பதிலடி மந்தம். கிருமி வராதபோதும் உடம்புக்குள் லேசான அழற்சி ஓயாது.

இதை மாற்றவே முடியாதா? 2024-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு ஒன்றில், வயதான எலிகளுக்கு ஆன்டிபாடி கொடுத்து, மைலாய்டு பக்கம் சாய்ந்த ஸ்டெம் செல்களை மட்டும் குறைத்தார்கள். புதிய டி, பி செல்கள் அதிகரித்தன. தடுப்பூசி போட்டபின் வைரஸைச் சமாளிக்கும் திறனும் கூடியது. இளம் எலிகளை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

பிறகு ஏன் எல்லோரும் வயதான எலிகளைப் பயன்படுத்துவதில்லை? செலவுதான். ஒன்றரை, இரண்டு வருஷம் கூண்டும் தீனியும் கொடுத்து வளர்க்க வேண்டும். நடுவிலேயே சில செத்தும் போகும். சிரமம் புரிகிறது. ஆனால், 65 வயதைத் தாண்டியவர்களுக்கென்றே 4 மடங்கு ஆன்டிஜென் கொண்ட ஃப்ளூ தடுப்பூசிக்கு அமெரிக்கா 2009-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. வயதான உடம்புக்குக் கணக்கு வேறு என்று தெரிந்தபின், சோதனையை இளசுகளோடு நிறுத்துவது என்ன நியாயம்?

வயதான எலியில் பலித்ததெல்லாம் மனிதரிடமும் பலித்துவிடாதுதான். ஆனாலும், முதியவர்களுக்கான மருந்தும் தடுப்பூசியும் வயதான எலிகளிலும் சோதிக்கப்பட வேண்டும். செய்தி எழுதும் நாங்களும் எலியின் வயதைச் சொல்ல வேண்டும். அடுத்த முறை அப்பா, அம்மாவுக்கு ஃபார்வர்ட் பண்ணும் முன், நீங்களும் அதைத் தேடிப் பாருங்கள்.