"குழந்தை பார்த்துப்பேன்" என்றால் போதுமா?

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்கு, வேலை செய்த இன்னொரு வீட்டுக்காரர்கள் ஊர் மாறிப் போனதில் வருமானம் குறைந்துவிட்டது. பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய சமயம். தெரிந்த பெண் ஒருத்தி தன் ஏழு மாதக் குழந்தைக்கு ஆள் தேடினாள். அனுப்பி வைத்தேன். போன வேகத்தில் திரும்பினார்.

"என்ன தெரியும்னு கேட்டாங்க. குழந்தை பார்த்துப்பேன்னேன். யோசிச்சுச் சொல்றேன்னுட்டாங்கம்மா."

மூன்று பெற்று வளர்த்தவர்! என் சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு கண்டபோது, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டியது யார்? (அந்த நாலு நாளுக்கு நான் தனியாக ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.)

"இதைச் சொன்னீங்களா?"

"அதெல்லாம் ஒரு படிப்பாம்மா?"

அன்று சாயங்காலம் காபியோடு உட்கார்ந்தோம். நான் குழந்தையின் அம்மா. அவர் வேலை கேட்டு வந்தவர். எத்தனை குழந்தைகள், எந்த வயசு, யார் வீட்டில் என்று முதலில் சொல்ல வைத்தேன். ஏழு மாதத்துக்கு என்ன ஊட்டுவீர்கள்? பருப்பும் சாதமும் குழைய மசித்து, தாய்ப்பாலையும் நிறுத்தாமல் என்றார். சபாஷ்! "நாக்குல கொஞ்சம் தேன்" என்றபோதுதான் தடுத்தேன். ஒரு வயசு முடியும்வரை தேன் கூடவே கூடாது. மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம்.

தொண்டையில் ஏதாவது அடைத்தால்? "விரலை விட்டு எடுப்பேன்." ஐயோ! கண்ணுக்குத் தெரியாததை விரலால் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும். அழவோ இருமவோ முடியாமல் திணறினால், முன்னங்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. அடைப்பு விலகாவிட்டால் மல்லாக்கத் திருப்பி, நடு நெஞ்சில் ஐந்து அழுத்து. பக்கத்தில் இருப்பவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். தலையணையை வைத்துக்கொண்டு பத்துத் தடவை செய்து பார்த்தோம்.

"மருந்து நானாகக் கொடுக்க மாட்டேன், போன் பண்ணிக் கேட்பேன்னும் சொல்லுங்க" என்றேன். தெரியாததைத் தெரியாது என்பவரிடம்தான் எனக்குக் குழந்தையை விட்டுப்போக மனசு வரும்.

மறுநாள் அதே வீட்டுக்கே போனார். வேலை கிடைத்துவிட்டது. கடைசியில் அவரே, "ஞாயித்துக்கிழமை லீவு உண்டா? குழந்தை தூங்கற நேரத்துல பாத்திரமும் தேய்க்கணும்னா அதுக்குச் சம்பளம் தனி" என்றாராம்.

அது நான் சொல்லிக் கொடுக்காதது.